ஐந்தடி இடைவெளி: சென்னைப் புறநகரின் மனைவிதிகள் குறித்து

நிலம் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். குத்தகை, உச்சவரம்பு, பஞ்சமி நிலம் என்று சிறுபத்திரிகைகளின் பக்கங்கள் நிரம்பிக் கிடக்கின்றன. மனை பற்றிப் பேசியது ரொம்பக் குறைவு. மனை என்றாலே ரியல் எஸ்டேட், நடுத்தர வர்க்கத்தின் அற்ப ஆசை, அதில் அரசியல் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட்டோம். ஆனால் நகரத்தின் விளிம்பில் வாழ்கிற ஒருவர் அரசு என்ற ஒன்றை முகத்துக்கு முகம் சந்திக்கும் தருணங்களில் முக்கியமானது வீடு கட்டும் தருணம். ரேஷன் கடையில் பார்க்கும் அரசு வேறு. இங்கே அது அளவுநாடாவோடு வருகிறது.

எங்கள் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். அப்பா தொண்ணூறுகளின் நடுவில் தாம்பரத்துக்கு மேற்கே அரை கிரவுண்டு வாங்கினார். இருபதுக்கு அறுபது. வரைபடம் போட்டுக் கொடுத்தவர் இரண்டு வீடுகளைப் பற்றிப் பேசினார். ஒன்று அனுமதிக்கு அனுப்புகிற வீடு, மற்றொன்று கட்டப்போகிற வீடு. முதல் வீட்டுக்கு இருபுறமும் சந்து இருந்தது, காற்று வந்தது, பின்னால் கிணற்றடி கூட இருந்தது. இரண்டாவது வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் மூன்றடிச் சந்து, மேற்கில் ஒன்றும் இல்லை. மேஸ்திரி கடைக்கால் போட்ட மூன்றாம் நாள் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். அவரும் இரண்டு வீடுகள் இருப்பதை அறிந்தவர்தான். எவ்வளவு கொடுத்தோம் என்பதை அம்மா இன்றும் சொல்ல மாட்டாள். அப்பா வாழ்நாளில் யாரிடமும் பொய் சொல்லாதவர் என்று பெயரெடுத்தவர். அந்தக் காகித வீடு அவரை ரொம்பநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் உள்ள ஐந்தடி எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு கணக்கு. சென்னைப் பகுதியில் நெடுங்காலம் வழக்கில் இருந்த பக்க இடைவெளி ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி. இருபதடி அகல மனையில் இருபுறமும் விட்டால் மிச்சம் பத்தடி. முன்னால் பத்தடியும் பின்னால் ஐந்தடியும் விட்டால் நீளம் நாற்பத்தைந்து. ஆக 1200 சதுர அடியில் வீடு நிற்கக்கூடிய இடம் 450. ஒன்பது அங்குலச் சுவர் இரண்டைக் கழித்தால் உள்ளே எட்டரை அடி. ரயில் பெட்டியை விட ஒடுக்கம். குறுகிய மனைக்கு ஒருபுறம் மட்டும் விட்டால் போதும் என்ற சலுகை பிற்பாடு விதிகளில் வந்தது. அப்போதும் 675 சதுர அடிதான். இத்தனைக்கும் தளப்பரப்புக் குறியீடு என்கிற இன்னொரு விதி, 1.5 என்ற கணக்கில், அதே மனையில் 1800 சதுர அடி கட்டிக்கொள் என்கிறது. ஒரு விதி கொடுப்பதை இன்னொரு விதி பிடுங்கிக்கொள்கிறது. நடுவில் நிற்பவர் பொய் சொல்லியே ஆகவேண்டும்.

இது யாரோ திட்டமிட்டுச் செய்த சதி என்று சொல்ல வரவில்லை. இந்த விதி எந்த மாதிரியான வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். எந்தப் பிரதியும் தனக்கென ஒரு வாசகரைக் கற்பித்துக்கொள்வது போலக் கட்டட விதியும் தனக்கென ஒரு வீட்டைக் கற்பித்துக்கொள்கிறது.

சென்னையில் இரண்டு வகை வீட்டு மரபுகள் இருந்தன. ஒன்று தெருவீடு. திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் பழைய தெருக்களில் இன்றும் மிச்சசொச்சம் பார்க்கலாம். முகப்பில் திண்ணை, உள்ளே முற்றம், பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். குறுகலாகவும் ஆழமாகவும் போகிற வீடு. வெளிச்சமும் காற்றும் பக்கத்திலிருந்து வருவதில்லை, மேலிருந்து முற்றத்தின் வழியே வரும். மற்றது தோட்டவீடு. 18-ஆம் நூற்றாண்டில் கோட்டையின் நெருக்கடியிலிருந்து வெளியேறிய கம்பெனிக்காரர்கள் மவுண்ட் ரோட்டை ஒட்டியும் நுங்கம்பாக்கத்திலும் கட்டிக்கொண்டவை. பெரிய தோட்டம், நட்டநடுவில் பங்களா. இங்கே காற்று நாலாபக்கமும் வரும். ஊரும் சனமும் அண்டாது. தெருவீடு தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என்றால் தோட்டவீடு தெருவை விட்டு விலகியிருக்கும். ஐந்தடிச் சந்து என்பது இந்தத் தோட்டத்தின் சுருங்கிய எச்சம் என்றே நான் வாசிக்கிறேன். தோட்டம் போய்விட்டது. விலகல் மட்டும் விதியாகத் தங்கிவிட்டது.

(தெருவீட்டைப் போற்றுகிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்ரகாரத்துப் பொதுச்சுவர் யாருக்கெல்லாம் பொது என்பது நமக்குத் தெரியும். திண்ணையில் யார் உட்காரலாம் என்பதற்கும் எழுதாத விதி இருந்தது.)

கிரவுண்டு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்கலாம். 2400 சதுர அடி. இருபத்து நான்கு மனை சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. காணி நிலத்தை அளக்கும் சொல் மட்டுமல்ல, உரிமையைக் குறிக்கும் சொல்லும்கூட. காணியாட்சி என்றால் கிராமத்தின் மீதான பங்குரிமை. செங்கற்பட்டுப் பகுதியில் அந்த உரிமைக்காரர்களே மிராசுதார்கள். ஆக இன்று தரகர் வாயில் புழங்குகிற 'அரை கிரவுண்டு' ஒரு பழைய ஆதிக்கத்தின் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. இது தமிழ் படித்தவனின் விளையாட்டு என்று தோன்றலாம். ஆனால் காணியாட்சிக்காரர்களின் கிராமங்களே பிறகு புறநகர் ஆயின என்பதை மறந்துவிடக்கூடாது.

நகரத் திட்டமிடல் என்ற துறை சென்னைக்கு வந்த விதமே ஒரு கதை. ஸ்காட்லாந்துக்காரரான பாட்ரிக் கெடிஸ், அடிப்படையில் உயிரியல் படித்தவர், கவர்னர் பென்ட்லண்ட் அழைப்பின்பேரில் 1914-இல் இங்கே வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்கள் வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிவிட்டுப் போய், நம் பேச்சுமொழியிலும் ஒரு சொல்லாக நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். வேறு படங்களையும் வரைபடங்களையும் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார்கள். சென்னை மாகாணத்தின் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகளும் எழுதினார் கெடிஸ்.

அவர் சொன்னதன் சாரம் இது. நெருக்கமான குடியிருப்பின் குறுக்கே நேர்க்கோடாக அகன்ற சாலை போட்டு இடித்துத் தள்ளுவது மருத்துவம் அல்ல, கொலை. இடிந்துபோன ஓரிரு வீடுகளை மட்டும் எடுத்து, வெற்றிடங்களைச் சேர்த்து, இருக்கிற தெருவின் போக்கிலேயே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி செய்ய வேண்டும். காத்துச் செய்யும் அறுவை என்று இதைச் சொன்னார். இருக்கிற வீடுகளுக்கு நடுவே சின்னச் சின்ன வீடுகளைப் பொருத்துவது என்று இன்றைக்குத் திட்டமிடுபவர்கள் புதிதாகப் பேசுகிறார்களே, அதன் ஒரு வேர் இங்கே, நம் மாகாணத்து அறிக்கைகளில், நூறாண்டுக்கு முன்னரே இருக்கிறது. காலனியத்தின் விருந்தாளியாக வந்தவர் காலனியப் பொறியாளர்களை இந்த அளவுக்குக் கடிந்துகொண்டார் என்பது வேடிக்கைதான்.

அவருடைய பேச்சைக் கேட்டார்களா? சட்டம் வந்தது. 1920-இல் சென்னை நகரத் திட்டச் சட்டம், பிரிட்டனின் 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சாயலில். ஆனால் உடனடியாக நடந்தது காத்துச் செய்யும் அறுவை அல்ல. மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியை வற்றவைத்து, மனைகளாக வெட்டி, தியாகராய நகர் எழுந்தது. நீதிக்கட்சியின் ஆட்சிக்காலம். தெருவுக்குத் தியாகராயரும் பூங்காவுக்குப் பனகல் அரசரும் பெயர் தந்தார்கள். பார்ப்பனரல்லாதார் அரசியலின் பெயர்கள் தெருவெங்கும் இருக்க, வீட்டின் வடிவம் மட்டும் தோட்டவீட்டிலிருந்து வந்தது: சுற்றுச்சுவர், நடுவில் வீடு, சுற்றிலும் இடைவெளி. அதிகாரத்துக்கு வந்த புதிய வர்க்கம் தெருவீட்டை விட்டு வெளியேறிய தருணம் என்று இதைச் சொல்லலாம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ரேமண்ட் அன்வின் போன்றவர்கள் ஏக்கருக்குப் பன்னிரண்டு வீடு என்ற அளவை நிலைநிறுத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு ஏக்கரில் சுமார் பதினெட்டு கிரவுண்டு. சாலைக்கும் பூங்காவுக்கும் மூன்றில் ஒரு பங்கு போனால் பன்னிரண்டு. நம் ஒரு கிரவுண்டு வீடும் அவர்களுடைய தோட்டநகர வீடும் கணக்கில் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. தொழிலாளிக்குத் தோட்டம் தரவேண்டும் என்று அங்கே எழுந்த அளவு, இங்கே வக்கீலுக்கும் குமாஸ்தாவுக்கும் மரியாதையின் அளவாயிற்று.

அடுத்த கட்டத்தை வேகமாகக் கடக்கலாம். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், பிறகு பெருநகர வளர்ச்சிக் குழுமம், 1975-இல் முதல் முழுமைத் திட்டம், 2008-இல் இரண்டாவது. ஊராட்சிகள் பல நூறு ஏக்கர் வயலை மனைகளாக்கிக்கொண்டிருந்த காலத்தில் இவை நகரத்தின் மொழியில் எழுதப்பட்டன. இந்த விதித் தொகுப்புகளில் என்னைத் தடுத்து நிறுத்திய ஒரு விஷயம் உண்டு. வீடுகளுக்கு ஒரே அளவுகோல் கிடையாது. தொடர் கட்டடப் பகுதி என்று ஒரு வகை: ஜார்ஜ் டவுன் போன்ற பழைய இடங்கள். அங்கே சுவரோடு சுவர் ஒட்டலாம். நலிந்த பிரிவினர் குடியிருப்பு என்று இன்னொரு வகை: அங்கே மனையும் சிறிதாகலாம், இடைவெளியும் குறையலாம். மற்ற எல்லா இடமும் மூன்றாவது வகை. அங்கேதான் முழு இடைவெளி.

அப்படியானால் சுவர் ஒட்டினால் ஆபத்து, தீப்பிடிக்கும், நோய் வரும் என்ற வாதம் என்னாயிற்று? ஆபத்து என்றால் எல்லோருக்கும் ஆபத்துதானே? விதியே சொல்லிவிடுகிறது: ஒட்டி வாழலாம், ஆனால் நீ பழைய ஊர்க்காரனாக இருக்க வேண்டும், அல்லது ஏழை என்று முத்திரை பெற்றவனாக இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட புறநகரில் விலகித்தான் நிற்க வேண்டும். தூரத்தை மரியாதையின் அளவாக வைத்த ஒரு சமூகத்தில் இந்தச் சொல்லாடல் எத்தனை இயல்பாகப் பொருந்திப்போகிறது என்று பாருங்கள். விதி எழுதிய பொறியாளருக்குச் சாதி நோக்கம் இருந்தது என்று நான் குற்றம் சாட்டவில்லை. நோக்கம் தேவையே இல்லை, அளவு போதும்.

ஒட்டிய சிறு வீடு இயலாதது அல்ல என்பதற்கு அரசே செய்துகாட்டிய சான்றும் உண்டு. 1977-இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் என்ற முறையில் குடியிருப்புகள் அமைந்தன. நாற்பது சதுர மீட்டர் அளவிலான மனைகள்கூட உண்டு. கையில் காசு சேரச் சேர ஒரு அறை, பிறகு மாடி, பிறகு மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம் என்று சனங்களே கட்டிக்கொண்டார்கள். உலக வங்கி என்றால் நமக்குக் கை அரிக்கும், நியாயம்தான். ஆனால் அந்தத் தெருக்களில் இன்று நடந்துபோனால் உயிருள்ள ஊர்களைத்தான் பார்க்கிறோம். இந்த அனுபவத்தை ஏழைகளுக்கான திட்டம் என்ற கோப்பிலேயே மூடிவைத்துவிட்டு, பொதுவிதியைத் தொடாமல் விட்டார்களே, அதுதான் கேள்வி.

பொதுவிதியை மாற்றவில்லை. பதிலாக மன்னிக்கக் கற்றுக்கொண்டது அரசு. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் எந்த விதியிலிருந்தும் விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. 1987-88-இல் இப்படிப் பிறப்பிக்கப்பட்ட 62 ஆணைகளை நுகர்வோர் அமைப்பு ஒன்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. வழக்கு உச்சநீதிமன்றத்தில் 2000-இல் முடிவதற்குள் 113ஏ என்ற புதிய பிரிவும் வந்துவிட்டது: 1999 பிப்ரவரி 28-க்கு முன் விதிமீறிக் கட்டியவற்றைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம். கண்மூடித்தனமாக விலக்குக் கொடுத்ததை உச்சநீதிமன்றம் கண்டித்தது. 113ஏ-வை ஒருமுறைக்கான ஏற்பாடு என்று ஏற்றுக்கொண்டது. ஒருமுறை என்றால் நம் ஊரில் என்ன பொருள்? 2000, 2001, 2002 என்று மூன்று திருத்தங்கள், மூன்று முறையும் நாள் தள்ளிப்போனது. 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் திருத்தங்களைச் செல்லாது என்றது. 2007-இல் அவசரச் சட்டம் வந்தது. 2012-இல் 113சி என்ற பிரிவு 2007 ஜூலை 1-க்கு முந்தைய கட்டடங்களுக்கு மறுபடி வழி திறந்தது.

இந்த வழக்குகளில் பேசப்பட்டவை பெரும்பாலும் தியாகராய நகர் மாதிரியான இடங்களின் அடுக்குக் கடைகள். ஏரி மேல் எழுந்த அந்தக் கண்ணியமான நகர், தன் இடைவெளிகளையெல்லாம் கடைகளாக்கிவிட்டு மன்னிப்புக்கு வரிசையில் நின்றது. வக்கீல் வைத்து நிற்க முடிந்தது. அரை கிரவுண்டுக்காரருக்கு வக்கீல் இல்லை. அவருக்கான மன்னிப்பு சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போனது.

மனைப்பிரிவு விஷயத்திலும் இதே நாடகம். புறநகர் ஊராட்சிகளில் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று விற்கப்பட்ட மனைகளுக்குத் திட்டமிடல் துறையின் ஒப்புதல் இல்லை என்பது வாங்கியவருக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போதே தெரியவரும். 2016 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடைபோட்டது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவர்கள் பத்திர அலுவலக வாசலில் நின்றார்கள். 2017-இல் 2016 அக்டோபர் 20 என்ற நாளைக் கோடாக வைத்து வரன்முறை விதிகள் வந்தன. விற்றவர் எப்போதோ போய்விட்டார். கட்டணம் கட்டியது வாங்கியவர்.

இந்தக் கதையில் மன்னிப்புக் கேட்கவும் வாசல் இல்லாத இடம் ஒன்று உண்டு. புறநகர் என்பது வெறும் வயலில் முளைத்தது அல்ல. ஒவ்வொரு நகருக்கும் உள்ளே ஒரு பழைய கிராமம் விழுங்கப்பட்டுக் கிடக்கிறது. அதன் குடியிருப்பிடம் நத்தம். நில ஆவணங்களில் ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி. 1891-இல் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை குறித்து எழுதிய குறிப்பை 1892-இன் பஞ்சமி நில ஆணைக்கு முன்னோடியாக நினைவுகூர்கிறோம். அந்தக் குறிப்பில் வயலுக்குச் சமமாக வீட்டுமனைப் பிரச்சினையும் இருப்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சேரியில் குடிசை நிற்கிற மண்ணும் தம்முடையது என்று மிராசுதார் சொல்லலாம், எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்யலாம். கூலியை மறுக்கிற சுதந்திரம் மனையில் போய் முட்டிக்கொண்டது. 1971-இல், நகர் ஊரமைப்புச் சட்டத்தின் அதே ஆண்டில், குடியிருப்பு மனைகளை அதில் வாழும் விவசாயத் தொழிலாளருக்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தது. இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று அறியாத அந்நியர்கள். ஒன்று மனையைக் கொடுத்தது. மற்றது அந்த மனை வீடு கட்டத் தகுதியற்ற அளவு என்றது.

சேரி நத்தத்தில் மூன்று தலைமுறை பிரித்துக்கொண்ட மனை பத்தடி அகலம் இருக்கும். பாதை நான்கடி. அதில் கெடிஸ் சொன்ன மாதிரி, இருக்கிற போக்கிலேயே, மகனுக்கு ஒரு அறை மேலே எழும்புகிறது. திட்டமிடுபவர்கள் இன்று வேண்டும் வேண்டும் என்கிற அதே நெருக்கமான சிறு வீடு இதுதான். ஆனால் இதற்கு வரைபட அனுமதி கிடைக்காது, அனுமதி இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காது, ஆகவே கந்துவட்டி. பக்கத்தில் அரை ஏக்கரில் அடுக்ககம் எழுப்புகிறவருக்கு அகலச் சாலை இருக்கிறது, எல்லா இடைவெளியும் இருக்கிறது, வட்டியும் குறைவு.

சூழலியல் தோழர்கள் சிலர் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள். விதியைத் தளர்த்தச் சொல்கிறாயா, 2015 டிசம்பரை மறந்துவிட்டாயா என்பார்கள். மறக்கவில்லை. முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றில் மிதந்தபோது எங்கள் தெருவிலும் இடுப்பளவு தண்ணீர். ஆனால் அந்த வெள்ளம் ஐந்தடிச் சந்து விடாததால் வந்ததா? ஏரியையும் கால்வாயையும் மனையாக்கியதால் வந்தது. அதில் தனியாரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட குடியிருப்புக்கே ஏரித் திட்டம் என்றுதான் பெயர். பெயரிலேயே ஒப்புதல் வாக்குமூலம். வாரியத்தின் வீடுகளுக்கு இடைவெளியெல்லாம் சரியாக இருந்திருக்கும். தண்ணீருக்கு விட வேண்டிய இடத்தை விடாத அரசு, சுவருக்கு விட வேண்டிய இடத்தை மட்டும் நாடாவைப் பிடித்து அளந்தது. எதைத் தளர்த்தலாம், எதைத் துளியும் தளர்த்தக்கூடாது என்று பிரித்துப் பேசாமல் 'விதிமீறல்' என்ற ஒரே சொல்லில் ஏரிக்காரரையும் சந்துக்காரரையும் அடைத்துவிடுவது நம் செயல்பாட்டாளர்கள் செய்துவருகிற பிழை. தீயணைப்பு வண்டி நுழைய வேண்டும், அடுத்த வீட்டு ஜன்னல் அடைபடக்கூடாது என்பதெல்லாம் உண்மையான தேவைகள்தான். அவற்றைத் தெருவின் அகலத்திலும் முற்றத்திலும் தேடுகிற மரபு நம்மிடம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

2019-இல் மாநிலம் முழுவதற்குமாக ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள் வந்தன. தளப்பரப்புக் குறியீடு 2 ஆயிற்று. 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம்: 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். சைக்கிள்காரர் வர வேண்டியதில்லை. சும்மா சொல்லக்கூடாது, நிஜமாகவே பெரிய விடுதலை. ஆனால் பட்டா யார் பெயரில் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. விதிப்படிதான் கட்டுவேன் என்று இனி வீட்டுக்காரரே கையெழுத்திட வேண்டும். அதிகாரி கண்காணித்த காலம் போய், தன்னைத் தானே சான்றளித்துக்கொள்கிற காலம். பொய்யிருந்தால் பொறுப்பும் அவருடையதே.

தங்கைக்காக மாடியில் ஒரு அறை எழுப்பலாம் என்று போன வருஷம் பேச்சு வந்தது. அப்பா இல்லை. பட்டாவை அம்மா பெயருக்கு மாற்றியிருந்தோம். பரணிலிருந்து பழைய புளூ பிரிண்டை எடுத்து விரித்தேன். மடிப்பில் கிழிந்திருந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்பநேரம் பார்த்தாள். மேற்குப் பக்கத்துக் கோட்டில் விரலை வைத்து, "இது என்னடா, நம்ம வூட்டுக்கு இந்தப் பக்கம் சந்து ஏது?" என்றாள். பக்கத்து வீட்டுச் சுவரில் யாரோ ஆணி அடிக்கிற சத்தம் எங்கள் கூடத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. படத்தை மடித்து வைத்துவிட்டோம். அறை இன்னும் கட்டவில்லை.